'டைஹெட்ரல்' – ஏந்துகோணம்? மேற்சாய்வு? இருமுகக் கோணம்?

தொடக்க மடல்

வணக்கம். 800 மி.மீ. இறக்கை நீளமுள்ள சிறிய மின்மோட்டார் மாதிரி விமானத்துக்குத் தமிழில் ஒரு செய்முறைக் குறிப்பு தயாராகிறது. ரேடியோவில் மூன்று சேனல்கள்தான்: மோட்டார், சுக்கான், எலிவேட்டர் (மூக்கை மேலும் கீழும் அசைக்கும் வால் தகடு). விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் வைக்கும் அசையும் தகடான ஐலரான் இல்லை. 5 மி.மீ. ஃபோம் தாள், 7.4 வோல்ட் லிப்போ பேட்டரி, 10 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று), சுக்கானையும் எலிவேட்டரையும் அசைக்க 5 கிராம் சர்வோ மோட்டார் இரண்டு. பறக்கும் எடை 180 கிராமைத் தாண்டக் கூடாது. இறக்கையின் அகலம் 150 மி.மீ., பரப்பு 12 சதுர டெசிமீட்டர். அதாவது ஒரு சதுர டெசிமீட்டருக்கு 15 கிராம் சுமை. புதிதாகக் கற்பவர் கையில் மெதுவாகப் பறக்க இது வசதியான அளவு.

சுக்கான், மூக்கு, வால், எடைமையம் என்று மற்றவற்றுக்குச் சொல் அமைந்துவிட்டது. இறக்கையின் இரு பாதிகளும் நடுவில் தாழ்ந்து நுனியில் உயர்ந்து நிற்கும் அமைப்பான டைஹெட்ரலுக்குத்தான் சொல் தேவை. வடிவியலில் 'இருமுகக் கோணம்' இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1

வேண்டாம் என்பது என் கருத்து. வடிவியலில் இருமுகக் கோணம் என்பது இரண்டு தளங்களுக்கு இடைப்பட்ட கோணம். தட்டையான இறக்கைக்கு அது 180°. ஒவ்வொரு பாதியையும் 6° உயர்த்தினால் 168°. விமானம் செய்பவரோ அதே இறக்கையை '6°' என்கிறார். பள்ளியில் இருமுகக் கோணம் படித்த மாணவர் வரைபடத்தில் '6°' என்று பார்த்தால், இறக்கை புத்தகம் போல மூடிக்கொள்ளும் என்றுதான் புரிந்துகொள்வார்.

ஐலரான் இல்லாத விமானத்தில் இந்தக் கோணம் செய்யும் வேலையும் பெரிது. சுக்கானை இடப்பக்கம் திருப்பினால் மூக்கு மட்டுமே இடப்பக்கம் போகும். விமானம் பழைய திசையிலேயே நகர்வதால் காற்று வலப்புறமிருந்து சற்றுச் சாய்வாக வந்து மோதும். நுனி உயர்ந்த வல இறக்கை அந்தக் காற்றைக் கூடுதல் கோணத்தில் வாங்கி அதிகம் தூக்கும், இட இறக்கை குறைவாகத் தூக்கும். அதனால்தான் விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. கோணம் போதாவிட்டால் மூக்கைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும், திரும்பாது. ஆகவே சொல் இறக்கையின் நிலையைக் காட்ட வேண்டும்.

மறுமொழி 2

> விமானம் செய்பவரோ அதே இறக்கையை '6°' என்கிறார்

அந்த 6° ஒரு பக்கத்துக்கா, இரு பக்கமும் சேர்த்தா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். பாதி இறக்கை 400 மி.மீ. பக்கத்துக்கு 6° என்றால் நுனி 42 மி.மீ. உயரும். மொத்தம் 6° என்று படித்தவர் பக்கத்துக்கு 3° வைப்பார், நுனி 21 மி.மீ.தான் உயரும். ஐலரான் உள்ள விமானத்துக்கு அது போதும், இந்த விமானத்துக்குப் போதாது.

என் பரிந்துரை 'மேற்சாய்வு'. விளக்கம் இல்லாமலே புரியும்.

மறுமொழி 3

மேற்சாய்வு எளிமையானதுதான். ஆனால் 'சாய்வு' என்பதைப் பறக்கும்போது விமானம் ஒரு பக்கம் சாய்வதற்கு வைத்துக்கொள்ள வேண்டும், மேலே உள்ள மடலிலேயே அப்படித்தான் வந்திருக்கிறது. 'மேற்சாய்வு குறைந்தால் சாய்வு வராது' என்று எழுதினால் வாசகர் திணறுவார். 'ஏற்றக்கோணம்' என்றும் வைக்க முடியாது, அது முக்கோணவியலில் தரையிலிருந்து கோபுர உச்சியைப் பார்க்கும் கோணம்.

'ஏந்துகோணம்' என்று வைக்கலாம். ஏந்துதல் என்றால் கையில் தாங்குவது மட்டுமல்ல, உயர்ந்து நிற்பதும்தான். சங்கப் பாடல்களில் வரும் 'ஏந்து கோட்டு யானை' மேல்நோக்கி உயர்ந்த தந்தங்களை உடைய யானை. இரு பக்கமும் அடியில் தாழ்ந்து நுனியில் உயர்வதை இந்தச் சொல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. எதிர்நிலைக்குத் 'தாழ்கோணம்' பொருந்தும். 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தில் இறக்கை நுனிகள் சற்றே கீழ்நோக்கித் தாழ்ந்திருந்தன, அதைச் சொல்ல இந்தச் சொல் உதவும்.

வரையறை: ஏந்துகோணம் என்பது ஒரு பக்க இறக்கை கிடைமட்டத்தோடு செய்யும் கோணம். எப்போதும் ஒரு பக்கம்தான்.

மறுமொழி 4

சொல் பிடித்திருக்கிறது. செய்முறைக் குறிப்பில் ஓடுகிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

"ஏந்துகோணம் 6°. இரண்டு பாதிகளும் நடுவில் சேரும் முகங்களை உப்புத்தாள் ஒட்டிய கட்டையால் சரிவாகத் தேய்க்கவும். 5 மி.மீ. தாளில் மேல் விளிம்பிலிருந்து அரை மி.மீ. போனால் போதும், கீழ் விளிம்பைத் தொட வேண்டாம். தேய்க்காமல் ஒட்டினால் மேல் விளிம்புகள் மட்டும் முட்டிக்கொண்டு கீழே இடைவெளி விழும். நடுப்பகுதி மேசையில் இருக்க, இரு நுனிகளின் அடியிலும் 42 மி.மீ. கட்டை வைத்து ஐந்து நிமிட எபாக்சியால் ஒட்டவும். சாதாரண சூப்பர் குளூ ஃபோமைக் கரைத்துவிடும். காய்ந்தபின் இணைப்பின் அடிப்பக்கத்தில் கண்ணாடி இழை டேப் ஒட்டவும், பறக்கும்போது இழுவிசை அடிப்பக்கத்தில்தான் விழுகிறது."

கட்டையை முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் ஒரே உயரத்தில் வைக்க வேண்டும், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்விளிம்புக்கு மட்டும் முட்டுக் கொடுத்தால் நுனி முறுக்கிக்கொண்டு முன்பக்கம் தூக்கி நிற்கும். அப்படிப்பட்ட இறக்கை, வேகம் குறையும்போது நுனியில்தான் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும். விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து சுழன்று விழும், பழியைச் சுக்கான் மேல் போடுவோம். கோணம் அரை பாகை கூடிக் குறைந்தால் பாதகமில்லை, முறுக்கை மட்டும் விடக் கூடாது.

மறுமொழி 5

ஒரு திருத்தம். எல்லோரும் நடுவில் மட்டும் மடிப்பதில்லை. ஒவ்வொரு பாதியையும் இரண்டு துண்டாக்கி, உள்துண்டைக் குறைவாகவும் வெளித்துண்டை அதிகமாகவும் உயர்த்துபவர்களும் உண்டு. 200 மி.மீ. உள்துண்டு 3°, 200 மி.மீ. வெளித்துண்டு 9° என்றால் நுனி உயரம் மறுபடியும் 42 மி.மீ.தான். ஆனால் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் வெளித்துண்டின் நெம்புவிசை அதிகம், சுக்கானுக்கு இந்த இறக்கை இன்னும் நன்றாகக் கட்டுப்படும். வரைபடத்தில் நுனி உயரத்தை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

இதைப் 'படி ஏந்துகோணம்' எனலாம். 9° என்பதும் கிடைமட்டத்திலிருந்தே அளப்பது, உள்துண்டிலிருந்து அன்று. உள்துண்டிலிருந்து பார்த்தால் அந்த மடிப்பு 6°, ஆகவே இரு முகங்களையும் 3° வீதம், கால் மி.மீ. அளவு, தேய்த்தால் போதும்.

தொடக்கியவரின் மறுமொழி

ஏந்துகோணம், தாழ்கோணம், படி ஏந்துகோணம் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். வரைபடத்தில் இப்படி எழுதுகிறேன்:

ஏந்துகோணம் (ஒரு பக்கம், கிடைமட்டத்திலிருந்து): உள் 3°, வெளி 9°. மடிப்பில் உயரம் 10.5 மி.மீ., நுனியில் 42 மி.மீ. முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலும் அளக்கவும்.