2012 மேக்புக் புரோவில் சொனோமா: பென் டிரைவைக் கழற்றினால் தடைக்குறி, வைஃபையும் இல்லை

காலிவீதி_6 கேட்டது:

13 அங்குல மேக்புக் புரோ, 2012 நடுப்பகுதி மாடல் (9,2). 8 ஜிபி ரேம். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். ஆப்பிள் இந்த மாடலுக்கு மேக்ஓஎஸ் பதிப்புகளைக் கட்டலினாவோடு நிறுத்திக்கொண்டதால், பழைய மேக்கிலும் புது மேக்ஓஎஸ் ஏற்ற உதவும் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற செயலி வழியாக, அதற்குப் பிந்திய சொனோமாவைப் போட முயல்கிறேன். 32 ஜிபி பென் டிரைவை வேறொரு மேக்கில் தயாரித்தேன்.

எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போது இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு, 12 நிமிடம் மீதி என்று காட்டிய இடத்திலேயே இரண்டு மணித்தியாலம் நின்றது. அதே எஸ்எஸ்டியை யூஎஸ்பி கேஸில் போட்டு வெளியே வைத்து இன்ஸ்டால் செய்தால் முடிந்துவிட்டது. ஆனால் வைஃபை இல்லை. விண்டோவை இழுத்தால் திரை விட்டுவிட்டு நகர்கிறது. பென் டிரைவைக் கழற்றிவிட்டு ஓன் செய்தால் வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட தடைக்குறி வருகிறது. கடையில் காட்டினேன், மதர்போர்ட் போய்விட்டது என்கிறார்கள். போர்டா, பேட்சரா?

திருகாணி எழுதியது:

போர்ட் போயிருந்தால் வெளியே வைத்த எஸ்எஸ்டியில் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இங்கே இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. வைஃபை, திரை, தடைக்குறி மூன்றும் பேட்சர் பக்கம். அதை முதலில் முடிப்போம்.

தடைக்குறி பழுது இல்லை. மேக்ஓஎஸ் ஏறும்போது "இந்த மாடல் என் பட்டியலில் இல்லையே" என்று மறுப்பதுதான் அந்தக் குறி. அந்தச் சோதனையைத் தாண்டவைப்பது பேட்சர் போட்டுத்தரும் ஓப்பன்கோர் என்ற தொடக்க நிரல். உங்களிடம் அது பென் டிரைவில் மட்டும் இருக்கிறது. பென் டிரைவைச் செருகி, ஓப்ஷன் கீயை அழுத்தியபடி ஓன் செய்து, இஎஃப்ஐ பூட் என்ற படத்தைத் தேர்ந்து சொனோமாவுக்குள் போங்கள். பேட்சரை இந்த மேக்கிலேயே திறந்து ஓப்பன்கோரை பில்ட் செய்து, எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பகுதியில் (மேக் ஓன் ஆகும்போது தொடக்க நிரலைத் தேடும் சிறு பகுதி) இன்ஸ்டால் செய்யுங்கள். அடுத்த தடவை ஓப்ஷன் திரையில் எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கன்ட்ரோல் கீயைப் பிடித்தபடி என்டர் தட்டினால் அதுவே நிரந்தரத் தேர்வாகும். பிறகு எப்போதாவது என்வி-ரேமை (இத்தகைய தேர்வுகளைச் சேமிக்கும் சிறு நினைவகம்) ரீசெட் செய்தால் அந்தத் தேர்வு அழியும், திரும்பவும் இதைச் செய்யவேண்டும்.

பட்டியலில் எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ வரவில்லை என்றால், டிஸ்க் யூட்டிலிட்டியில் எல்லா டிவைஸையும் காட்டச் சொல்லாமல் உள்ளே இருந்த வொல்யூமை மட்டும் அழித்திருப்பீர்கள். மேலேயுள்ள முழு டிரைவையும் ஏபிஎஃப்எஸ், ஜியூஐடி முறையில் அழித்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

அடுத்து ரூட் பேட்ச். எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கான டிரைவரும் பழைய பிராட்கொம் வைஃபைக்கான டிரைவரும் சொனோமாவில் கிடையாது. பேட்சர் அவற்றைத் திருப்பி வைக்கவேண்டும், அதுதான் ரூட் பேட்ச். அதற்குப் பல நூறு எம்பி அளவுள்ள கேர்னல் டீபக் கிட் என்ற ஆப்பிளின் துணைக்கோப்புத் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கும், வைஃபையோ இல்லை. நல்லவேளை, உங்கள் மாடலில் ஈதர்நெட் துளை இருக்கிறது. ரவுட்டரிலிருந்து ஒரு வயரை நேரே செருகுங்கள். பெரும்பாலான அண்ட்ரொய்ட் போன்களின் யூஎஸ்பி டெதரிங்கை மேக் தானாக ஏற்காது, அதில் நேரத்தை வீணாக்கவேண்டாம். பேட்ச் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் இந்த மேக்கைப் பற்றி பகுதியில் கிராஃபிக்ஸ் நினைவகம் 1536 எம்பி என்று வந்தால் சரி. ஒற்றை இலக்க எம்பி காட்டினால் பேட்ச் பிடிக்கவில்லை.

ரிப்பன்_கேபிள் எழுதியது:

மற்றப் பிரச்சினைக்கு வருகிறேன். உள்ளே நிற்கிறது, வெளியே ஓடுகிறது என்றால் இந்த மாடலில் நான் முதலில் சந்தேகிப்பது லாஜிக் போர்டிலிருந்து (மதர்போர்ட்) டிரைவுக்குப் போகும் தட்டைச் சாட்டா கேபிளைத்தான். 13 அங்குல 2012க்கு இது ஊரறிந்த நோய். மெல்லிய ரிப்பன், அலுமினிய உடலின் கரடான பரப்பில் உரசி உரசி உள்ளே தேய்கிறது. மெதுவான பழைய டிஸ்க் அதைப் பொறுத்துக்கொள்ளும், 6 ஜிகாபிட் எஸ்எஸ்டி பொறுக்காது.

ஊகிக்காமல் அளந்து பாருங்கள். எஸ்எஸ்டியை உள்ளே போட்டு, ஸ்மார்ட் தரவு (டிரைவ் தன்னைப் பற்றிப் பதியும் நலக்குறிப்புகள்) காட்டும் ஏதாவது செயலியில் 199ஆம் எண் (யூடிஎம்ஏ சிஆர்சி பிழை, அதாவது கேபிள் வழியே தரவு சிதைந்த தடவைகள்) எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 ஜிபி அளவில் எதையாவது பிரதி எடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். அந்த எண் ஒருபோதும் குறையாது. ஆகவே பழைய எண்ணிக்கையைக் கண்டு பயப்படவேண்டாம், ஏறுகிறதா என்பதே கேள்வி. ஏறினால் கேபிள்தான். டிஸ்க் யூட்டிலிட்டி சரிபார்க்கப்பட்டது என்று காட்டுவதை நம்பவேண்டாம், இந்தப் பிழை ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அது அப்படித்தான் சொல்லும்.

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கக் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்கும்போது "மேக்புக் கேபிள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் 821-2049 என்ற எண்ணைச் சொல்லுங்கள். பின்மூடியில் 10 திருகுகள், அவற்றில் 3 நீளமானவை. எது எங்கே இருந்தது என்று படம் எடுத்துவையுங்கள். மூடி கழன்றதும் முதல் வேலை பற்றரி இணைப்பை எடுப்பது. புதுக் கேபிளைப் போடமுன் அது உரசும் இடத்தில் மின்காப்பு டேப் ஒரு பட்டை ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் இதே கேபிளைத் திரும்பவும் வாங்க வேண்டிவரும்.

காலிவீதி_6 எழுதியது:

நன்றி அண்ணாமார். ஈதர்நெட் வழியில் ரூட் பேட்ச் ஏறிவிட்டது, 1536 எம்பி காட்டுகிறது. உள்ளே போட்டு அளந்தேன்: 199 பிரதிக்கு முன் 412, பின் 655. கேபிளைச் சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டு சந்தேகம்: அப்டேட் வந்தால் விடலாமா? பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடித்த பழைய கோப்புகள் திறக்குமா?

திருகாணி எழுதியது:

தானியங்கி அப்டேட்டை இப்பவே நிறுத்துங்கள். ஒவ்வொரு அப்டேட்டும் ரூட் பேட்சைத் துடைத்துவிடும், வைஃபை திரும்பவும் போகும். அதோடு பேட்ச் செய்த சிஸ்டத்துக்குச் சின்ன அப்டேட் கிடைக்காது, 10 ஜிபிக்கு மேலுள்ள முழு இன்ஸ்டாலரும் இறங்கும். டேட்டா மிச்சம் இருக்கிற நாளில், பேட்சரைப் புதுப்பித்து ஓப்பன்கோரையும் மீண்டும் ஏற்றிய பிறகு, நீங்களாகவே போடுங்கள்.

பாமினி எழுத்துருக் கோப்பை ஃபொண்ட் புக்கில் சேர்த்தால் போதும், ஆங்கில விசைப்பலகையிலேயே முன்போல் அடிக்கலாம். யூனிகோடுக்கு மேக்கிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கின்றன.