காலையில் மட்டும் குலுங்கும் எஞ்சின்: டெல்டாக்காரர்களின் அனுபவப் பகிர்வு

மன்னார்குடியிலிருந்து

எங்கள் வீட்டில் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், பிஎஸ்4. தை மாதம் சம்பா அறுப்பு சமயத்தில் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடும், அதில் குறையில்லை. ஆனால் எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஓரிடத்தில் நிற்காது. 1200-க்கு ஏறும், 600-க்கு விழும், திரும்ப ஏறும். ஸ்டியரிங், சீட், டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் எல்லாம் நடுங்கும். கொஞ்ச நேரம் ஓடவிட்டால் தானாக அடங்கிவிடும். அப்புறம் தஞ்சாவூர் போய் வந்தாலும் ஒரு மிஸ்ஸிங் கிடையாது. மறுநாள் காலை மறுபடி அதே கதை.

இந்த மாதிரிக் கோளாறில் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போவதே சிக்கல். போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடும். மெக்கானிக் பானட்டைத் திறந்து காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, “நல்லாத்தானே சார் ஓடுது” என்பார். அதற்குமேல் எல்லாம் ஊகம்தான். ஒருவர் பிளக் என்றார். ஒருவர் இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ணணும் என்றார். டீக்கடையில் எல்லாவற்றுக்கும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணம். மூன்றுமே நடக்கக்கூடியவைதான், ஆனால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

ஊருக்கு வெளியே சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன்தான் கடைசியில் கண்டுபிடித்தார். “ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க தம்பி. காலையில வந்துருங்க, நீங்க இருக்கறப்பவே ஸ்டார்ட் பண்ணுவோம்” என்றார்.

மறுநாள் காலையில் போனால், அவர் ஸ்டார்ட் பண்ணவில்லை. ஸ்கேனரை மாட்டி இக்னிஷனை மட்டும் போட்டு இரண்டு எண்களைப் பார்த்தார்: கூலன்ட்டின் வெப்பநிலை, எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 24, 25 என்று காட்டியது. “கூலன்ட் சென்சார் பொய் சொல்லல” என்று அதை ஒதுக்கிவிட்டார். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் இசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும். எஞ்சின் சூடாக இருக்கிறது என்று சென்சார் தப்பாகச் சொன்னால் அந்தக் கூடுதல் கிடைக்காமல் எஞ்சின் திணறும். ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் செய்கிற சோதனை இது, ஆனால் அதுவரை ஒருவரும் செய்யவில்லை.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணினார். குலுங்கியது. ஆக்சிஜன் சென்சார் சூடாகி வேலைக்கு வரும்வரை காத்திருந்துவிட்டு ஃப்யூல் ட்ரிம்மை, அதாவது இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தைக் காட்டினார். பிளஸ் இருபதுக்குப் பக்கம். அதாவது கணக்குப்படி போகவேண்டிய பெட்ரோலைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இசியூ கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று, கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. இல்லை, பெட்ரோல் போதவில்லை. எது என்று பார்க்க ஆக்சிலரேட்டரை மிதித்து 2500-இல் நிறுத்தச் சொன்னார். ட்ரிம் ஐந்துக்கு இறங்கிவிட்டது. பம்ப்போ ஃபில்டரோ கெட்டிருந்தால் வேகம் கூடக்கூடப் பற்றாக்குறையும் கூடியிருக்கும். காற்றுக் கசிவு அதற்கு நேர்மாறு. ஐடிலிங்கில் த்ராட்டில் (காற்று போகும் வழியில் உள்ள மூடி) கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயில்) உறிஞ்சும் இழுவை அதிகம், உள்ளே போகும் மொத்தக் காற்றோ கொஞ்சம். அதனால் சின்ன ஓட்டைகூடப் பெரிதாகத் தெரியும்.

பிறகு ஹோஸ் ஹோஸாகத் தண்ணீர் ஸ்பிரே. கார்ப் கிளீனர் அடிப்பவர்கள் உண்டு, அது தீப்பற்றும் என்பதால் அவர் தொடுவதில்லை. மேனிஃபோல்டுக்குக் கீழே பிசிவி வால்வுக்கு (எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உறிஞ்ச விடும் வால்வு) போகும் வளைந்த ரப்பர்க் குழாயில் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தமே மாறியது. கழற்றினால் வளைவின் அடிப்பக்கத்தில் வெடிப்பு. ரப்பர் விறைத்துப்போயிருந்தது. குளிரில் வெடிப்பு விரியும், சூட்டில் ரப்பர் இளகினால் ஒட்டிக்கொள்ளும். காலை நோய் பகலில் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். குழாயின் விலை சில நூறு ரூபாய். இப்போது காலையில் முள் 1300 வரை போய், நிதானமாக 750-க்கு இறங்கி நிற்கிறது. (ஸ்டார்ட் ஆனதும் வேகம் கூடுவது கோளாறு இல்லை. எஞ்சினும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்டரும் சீக்கிரம் சூடாக வேண்டும் என்று இசியூவே செய்வது.)

எல்லாப் பட்டறையிலும் அதே ஸ்கேனர்தான் இருந்தது. மற்றவர்கள் அது காட்டும் கோளாறு எண்ணை (கோடு) மட்டும் படித்தார்கள், இவர் வண்டி ஓடும்போது எண்களைப் படித்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து

எங்களுக்கு உப்புக் காற்று. மார்கழிப் பனியில் ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்காது, பி0302 என்று கோடு வரும், அதாவது இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். புதுக் காயில் (பிளக்கில் பொறி வரவைக்கும் பாகம்) வாங்கச் சொன்னார்கள். வாங்குமுன் 2-ஆவது காயிலைக் கழற்றி 3-இல் மாட்டிப் பார்த்தோம். காயில் கெட்டிருந்தால் கோடு பி0303 ஆக மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பிளக்கையும் இடம் மாற்றினோம், அப்போதும் பி0302. ஆக, அந்த இடத்திலேயே குறை. காயில் கனெக்டரைப் பிடுங்கினால் உள்ளே பின்னெல்லாம் பச்சையாகக் களிம்பு. சுத்தம் செய்து, பின்களை இறுக்கி மாட்டியதும் சரியானது. கடலோரத்தில் இருப்பவர்கள் பார்ட் வாங்குவதற்கு முன்னால் கனெக்டரை ஒருதடவை கழற்றிப் பாருங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து

டீசல்காரர்களுக்குக் கதை வேறு. எங்கள் பழைய வேன் காலையில் ஸ்டார்ட் ஆகி, இரண்டு தடவை இழுத்து, சாகப்போய்ப் பிழைக்கும். பின்னால் வெள்ளைப் புகை. நம் ஊர்க் குளிருக்கு, ஸ்டார்ட் ஆகுமுன் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக் எதற்கு என்று நினைப்போம், ஆனால் பழைய இன்டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு (டீசலை நேராகச் சிலிண்டரில் தெளிக்காமல் பக்கத்துச் சின்ன அறையில் தெளிப்பது) நம் ஊரிலும் அது வேண்டும். மல்ட்டிமீட்டரில் பார்த்தோம். நல்ல குளோ பிளக் ஓர் ஓம் அளவில்தான் காட்டும், எங்களுடையதில் இரண்டு எதுவுமே காட்டவில்லை. மாற்றியதும் புகை போனது, தடுமாற்றம் மட்டும் மிச்சம் இருந்தது. டீசல் லைனில் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு துண்டு குழாய் போட்டுப் பார்த்தால் காலையில் காற்றுக் குமிழி. ராத்திரியில் டீசல் டாங்குக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது. ஃபில்டர் மேலே உள்ள வாஷர் மாற்றியதோடு முடிந்தது.

கும்பகோணத்திலிருந்து

நான் பட்டறை வைத்திருப்பவன். மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. காலையில் ஒரு சிலிண்டர் மட்டும் தடுமாறி, சைலன்சரில் வெள்ளை ஆவி இனிப்பு வாசனையோடு வந்து, கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்பு) கசிந்தால், நிறுத்திய பிறகும் சிஸ்டத்தில் இருக்கிற அழுத்தம் கூலன்ட்டைச் சிலிண்டருக்குள் தள்ளும். அந்தப் பிளக் மட்டும் கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருக்கும். இதைத் தள்ளிப்போட்டால் எஞ்சின் போய்விடும். பிரஷர் டெஸ்ட் போட்டால் தெரிந்துவிடும்.

எத்தனாலைப் பற்றி: 20 சதவீதம் கலந்த பெட்ரோல் தண்ணீரை ஈர்க்கும், குளிரில் ஆவியாவதும் கொஞ்சம் சிரமம். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திய வண்டி என்றால் டாங்கைச் சந்தேகப்படலாம். தினமும் ஓடி, வாரத்துக்கு ஒருமுறை டாங்க் காலியாகும் வண்டிக்கு அதையே சொல்லிக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம்.

இன்னொன்று, வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டுப் போங்கள். முடியாது என்றால் காலையில் குலுங்கும்போது மீட்டரையும் சத்தத்தையும் சேர்த்து போனில் வீடியோ எடுத்து வாருங்கள். அதுவே எங்களுக்குப் பாதி வேலை.

திருவாரூரிலிருந்து

அறுப்பு நேரம் என்றதும் எலியைச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். வயல் காலியானால் அதற்குப் போக்கிடம் நம் பானட்தான். எங்கள் காரில் வைக்கோல் கொண்டுவந்து கூடே கட்டிவிட்டது, இன்ஜெக்டர் ஒயர் ஒன்றில் பாதி இன்சுலேஷன் இல்லை. கடித்த இடத்தில் பனி ஈரம் படும் காலைகளில் மட்டும் மிஸ்ஸிங். ஒயரைச் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டோம். இப்போது நெல் மூட்டை இருக்கும் கொட்டகையில் காரை நிறுத்துவதில்லை.