புதுப்பிப்பு: ஜெர்மனி தன்னார்வப் பணிக்கு ஒரு செமஸ்டர் போதவில்லை, ஒரு வருடமே போகிறேன்

சேலத்தில் பி.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன், நான்காம் செமஸ்டரை மட்டும் விட்டுவிட்டு ஜெர்மனிக்குத் தன்னார்வப் பணிக்குப் போகலாமா என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எங்கள் துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) மேடம் ஒரே கேள்வியில் விஷயத்தைப் புரியவைத்தார்: "நாலாம் செமஸ்டர் டிசம்பர்ல ஆரம்பிக்கும். அதை விட்டா மறுபடி எப்போ வரும்?" அடுத்த டிசம்பரில்தான். ஐந்து மாதம் போனாலும் ஒரு வருடம் போய்விடும். நான் போக நினைக்கும், 2011-இல் தொடங்கிய ஜெர்மன் அரசின் கூட்டாட்சித் தன்னார்வப் பணியோ குறைந்தது 6 மாதம், வழக்கமாக 12 மாதம்.

சரி, நான்காம் செமஸ்டர் தேர்வை எழுதிவிட்டு, ஒரு வருடம் முறையாக இடைவெளி எடுத்து, திரும்பி வந்து ஐந்தாம் செமஸ்டரில் சேரப்போகிறேன். மறுசேர்க்கை அனுமதியை எழுத்தில் கேட்டிருக்கிறேன். நீங்களும் வாய்ப்பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு ஜெர்மன் வினைச்சொல் என்று படிக்கிறேன்.

அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அங்க சோறு போடுவாங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். கைச்செலவுக்குப் பணம் தருவார்கள், பல இடங்களில் தங்குமிடமும் சாப்பாடும் உண்டு என்றேன். அப்புறம்தான் சம்மதித்தார்.

நேற்று முதல் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.