வீட்டுக்கு பேட்டரி டிரில் செட்: 18 வோல்ட்டா, 21 வோல்ட்டா?

கணபதி மோட்டார்காரன்:
நம்பியூர் தம்பி ஒருவர் புது வீட்டுக்கு பேட்டரி டிரில் செட் எதை வாங்கலாம் என்று இன்னொரு இழையில் கேட்டிருந்தார். திரைச்சீலைக் கம்பி மாட்டுவது, சமையல்கட்டு அலமாரி, கட்டுத்தரையில் தகர ஷீட் போடுவது, இவ்வளவுதான் அவருடைய வேலை. அதற்குப் பல்லடத்தான் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "18 வோல்ட் பழைய சரக்கு. 21 வோல்ட் வாங்குங்க. மூன்று வோல்ட் கூடுதல் சக்தி, விலையும் பாதி." இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால் தனி இழை.

18 என்று அச்சடித்தாலும், 20 மேக்ஸ் என்று அச்சடித்தாலும், 21 என்று அச்சடித்தாலும் உள்ளே வரிசையாக இருப்பது ஐந்து லித்தியம் செல். ஒரு செல்லுக்குக் கணக்கு 3.6 வோல்ட். முழுக்க ஏற்றினால் 4.2. ஐந்தால் பெருக்கினால் முதலாவது 18, இரண்டாவது 21. டிவால்ட் கம்பெனி ஒரே பேட்டரியை ஐரோப்பாவில் 18 என்றும் அமெரிக்காவில் 20 மேக்ஸ் என்றும் விற்கிறது. கூடுதல் மூன்று வோல்ட் எங்கிருந்து வந்தது? பல்லடத்தார் சொல்லட்டும்.

பல்லடத்தான்:
என் பெயரைப் போட்டு இழை தொடங்கியதற்கு நன்றிங்க அண்ணா. பேச்சு எதற்கு, அளந்து பார்க்கலாம். என்னிடம் 21 வோல்ட் செட் இருக்கிறது. சார்ஜரிலிருந்து எடுத்ததும் மீட்டர் வைத்தேன், 20.7 காட்டியது. பெட்டியில் 21 என்று இருக்கிறது, மீட்டரும் அதையே சொல்கிறது. நீங்கள் சொல்லும் 18 அதில் எங்கே இருக்கிறது? தறி குடோனில் ஷீட் முறுக்குவது, ஆங்கிளில் ஓட்டை போடுவது எல்லாம் அதில்தான் நடக்கிறது. 18ஐ விட 21 பெரியது என்று தெரிந்துகொள்ள கோவை கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்க வேண்டியதில்லை.

கணபதி மோட்டார்காரன்:
18 என்று எழுதிய பேட்டரியையும் சார்ஜரிலிருந்து எடுத்ததும் அளந்து பாருங்கள். அதுவும் இருபதைத் தாண்டித்தான் காட்டும். மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதும் கீழ்க் குழாயில் தண்ணீர் வேகமாக வரும், இறங்க இறங்க வேகம் குறையும், பேட்டரியும் அப்படித்தான். விசையை அழுத்தி, பிட்டு சுவரில் இறங்கியதும் வோல்ட் சரிகிறது. வேலை செய்யும் நேரத்தில் பெரும்பகுதி 18க்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. சும்மா கிடக்கிற பேட்டரியை அளந்துவிட்டு சக்தி என்று பேசக்கூடாது.

சக்தியைப் பார்க்க வேண்டிய இடம் செல். சாம்சங் 25ஆர் மாதிரியான பவர் டூல் செல் 20 ஆம்பியரைத் தொடர்ந்து கொடுக்கும். லேப்டாப்புக்கு என்று செய்த செல்லை உள்ளே போட்டால் அதில் பாதி கேட்டாலே சூடாகிவிடும். இரண்டும் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், வெளியே பார்க்க ஒரே மாதிரி. விலை பாதியானது எப்படி என்று இப்போது புரிகிறதா?

பெருந்துறை அக்கா:
நான் வீட்டில் ஆறு வருடமாகப் புழங்குவது 12 வோல்ட் டிரில். அலமாரி, கண்ணாடி, பூந்தொட்டி ஸ்டாண்டு, பையன் கட்டில், எல்லாவற்றையும் அதில் மாட்டியிருக்கிறேன். ஏணி மேல் நின்று ஒரு கையால் பிடிக்க முடிகிறது. அந்தத் தம்பி சொன்ன வேலைக்கு 18ம் வேண்டாம், 21ம் வேண்டாம்.

பல்லடத்தான்:
பெண்கள் கைக்கு எடை குறைவாக இருப்பது நல்லதுதான் அக்கா. ஆனால் நாம் பேசுவது ஷீட் வேலை. 21க்கும் 12க்கும் நடுவே ஒன்பது வோல்ட் இருக்கிறது.

பெருந்துறை அக்கா:
எடையைப் பற்றிச் சொன்னதும் பெண் கை என்று எழுதத் தோன்றுகிறது பாருங்கள். தலைக்கு மேல் கை தூக்கிப் பத்து ஸ்க்ரூ முறுக்கினால் ஆண் கையும் வலிக்கும். 12 வோல்ட்டிலேயே 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு வருகிறது. உங்கள் 21இல் எவ்வளவு என்று டப்பாவில் தேடிப் பார்த்து எழுதுங்கள்.

பல்லடத்தான்:
டப்பாவில் 21 வோல்ட் என்று இருக்கிறது. அது போதும்.

கணபதி மோட்டார்காரன்:
அக்கா, உங்கள் 12ம் அதே வித்தைதான். உள்ளே மூன்று செல், 10.8 வோல்ட். முழுக்க ஏற்றினால் 12.6. நடுவில் ஒரு அழகான எண்ணாக 12 என்று அச்சடித்துவிட்டார்கள். முதலில் அவர்களே 10.8 என்றுதான் விற்றார்கள்.

பெருந்துறை அக்கா:
இருக்கட்டும். அது ஓடுகிறது, ஆணி ஏறுகிறது. உங்களுக்கு யார் மேலாவது குறை சொல்ல வேண்டும், இன்று என் மேல்.

பொள்ளாச்சி தோப்பு:
எல்லோரும் வோல்ட் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். புது வீட்டில் அறைக்கு அறை பிளக் பாயிண்ட் இருக்கும். ஒரு 13 மில்லிமீட்டர் வயர் டிரில் வாங்கினால் 230 வோல்ட், சண்டையே இல்லை. கார்பன் தேய்ந்தால் தெருமுனைக் கடையில் மாற்றிவிடுவார்கள். என் அப்பா வாங்கிய டிரில் இன்னும் தோப்பில் மோட்டார் ரூமில் ஓடுகிறது. பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் செத்தால் புது பேட்டரி விலைக்கு இன்னொரு வயர் டிரில் வரும்.

கணபதி மோட்டார்காரன்:
பொள்ளாச்சியார் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம், ஆனால் அவர் கேள்வியைப் படிக்கவில்லை. கட்டுத்தரைக்கு வயர் எங்கிருந்து இழுப்பது? ஷீட் மேல் ஏறி நின்று வயரை மிதித்துக்கொண்டு வேலை செய்வதா? தகர ஷீட்டுக்கு வேண்டியது இம்பாக்ட் டிரைவர். கால் இஞ்சு அறுகோண வாய் இருக்கும். ஸ்க்ரூ இறுகும்போது உள்ளே சுத்தியல் பக்கவாட்டில் தட்டித் தட்டித் திருப்பும், மணிக்கட்டை முறுக்காது. சுவருக்கு வேண்டியது ஹேமர் உள்ள டிரில். அது முன்னும் பின்னும் தட்டும். இந்த இரண்டும் சேர்ந்த செட், ஒரே பேட்டரியில், அதுதான் தம்பிக்கு. போஷ், மகிடா, டிவால்ட் எதுவாக இருந்தாலும் சரி, நாளைக்குப் பேட்டரியைத் தனியாக வாங்கக் கிடைக்க வேண்டும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் உட்காராது என்பதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. கட்டிங் மிஷினும் சேர்ந்த நாலு ஐட்டம் செட் என்று கடையில் தள்ளுவார்கள். 2 ஏ.எச். (ஆம்பியர் ஹவர்) பேட்டரியில் 18 வோல்ட்டுக்கு இருப்பது, இரண்டையும் பெருக்கினால், 36 வாட் ஹவர். கட்டிங் மிஷின் முழுச் சுமையில் 600 வாட் இழுத்தால் நான்கு நிமிடம்கூட வராது. கம்பி நறுக்க வயர் மிஷின்தான் சரி.

பல்லடத்தான்:
பார்த்தீர்களா, 18 வோல்ட்டை 2ஆல் பெருக்கி 36 என்று நீங்களே கணக்குப் போடுகிறீர்கள். என் 21ஐ 2ஆல் பெருக்கினால் 42. ஆறு கூடுதல். உங்கள் கணக்கிலேயே 21 ஜெயித்துவிட்டது.

கணபதி மோட்டார்காரன்:
செல் ஐந்துதான்! அதே ஐந்து செல்! ஒரு செல்லுக்குள் இருப்பது அட்டையில் எண்ணை மாற்றினால் கூடுமா?

பல்லடத்தான்:
மீட்டர் அட்டையைப் பார்த்துக் காட்டவில்லை அண்ணா. 20.7.

இன்னொன்றும் கேட்கிறேன். போன வருடம் இன்வெர்ட்டர் இழையில் என் 150 ஏ.எச். பேட்டரி நேரத்துக்குத் தாங்கவில்லை என்று எழுதினேன். "150 என்று போட்டிருந்தால் 150தான், உங்கள் வீட்டு லோடில்தான் குறை" என்று அத்தனை பேர் முன்னால் எழுதியது நீங்கள். அங்கே டப்பாவில் எழுதியதை நம்ப வேண்டும், இங்கே நம்பக்கூடாதா?

கணபதி மோட்டார்காரன்:
அந்த 150 இருபது மணி நேரக் கணக்கு. ஏழரை ஆம்பியர் வீதம் இழுத்தால்தான் இருபது மணி நேரத்துக்கு 150 வரும். நீங்கள் மிக்ஸியும் டிவியும் ஃபேனும் ஒன்றாகப் போட்டு ஒன்றரை மணி நேரத்தில் காலி செய்தீர்கள். வேகமாக இழுத்தால் மொத்தமாகக் கிடைப்பதும் குறையும். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

பல்லடத்தான்:
அன்றைக்கு மிக்ஸி போடவே இல்லை. அன்றைக்கும் இதைச் சொன்னேன்.

பொள்ளாச்சி தோப்பு:
இன்வெர்ட்டர் சண்டை இன்னும் முடியவில்லையா? மாதாந்திர மின்தடை நாளில் வயர் டிரில் ஓடாது என்று யாராவது எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது, அடுத்த நாள் ஓட்டை போட்டால் சுவர் ஓடிவிடாது.

நம்பியூர் தம்பி:
அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றிங்க. எங்கள் வீடு கீழ்த்தளம் செங்கல், மேலே ஹாலோ பிளாக். ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டல் கான்கிரீட்டில்தான் திரைச்சீலைக் கம்பி வரும். அதற்கு 18 போதுமா?

பல்லடத்தான்:
கான்கிரீட் என்றால் கண்டிப்பாக 21 தம்பி.

கணபதி மோட்டார்காரன்:
தம்பி, அவர் பேச்சைக் கேட்காதீர்கள். செங்கலில் 18 வோல்ட் ஹேமர் டிரில் நல்ல மேசன்ரி பிட்டோடு வெண்ணெயாக இறங்கும். ஹாலோ பிளாக்கில் ஹேமரை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் போடுங்கள். தட்டினால் உள்பக்க ஓடு உடைந்து, ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் வைக்கும் ராவல் பிளக் தொங்கும், அதற்கென்று விரிகிற பிளக் தனியாக இருக்கிறது. லிண்டலில் 6, 8 மில்லிமீட்டர் ஓட்டை சில போட சிரமப்பட்டாலும் முடியும், நடுவில் கம்பி தட்டினால் இடத்தை மாற்றுங்கள். ஸ்லாபில் நிறைய ஓட்டை என்றால் எஸ்.டி.எஸ். வாய் (பிட்டைச் செருகியதும் பூட்டிக்கொள்ளும் வாய்) உள்ள ரோட்டரி ஹேமரை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். சாதாரண ஹேமர் டிரில்லில் இரண்டு பல்சக்கரம் உரசித் தட்டுகிறது, நீங்கள் பலமாக அழுத்த வேண்டும். ரோட்டரியில் காற்று அழுத்தத்தில் பிஸ்டன் அடிக்கிறது, கை பிடித்திருந்தால் போதும். இந்த வித்தியாசத்தை எந்த வோல்ட்டும் ஈடு செய்யாது.

பட்டறையில் ஒருவர், பார்ப்பவர் வோல்ட் என்று நினைக்கிற மாதிரி "48 வி.எஃப்." என்று போட்ட பேட்டரியைக் கொண்டுவந்தார். பிரித்தேன். ஐந்து செல். 88, 128 என்றெல்லாம்கூட அச்சடிக்கிறார்கள். 21 என்பவர் நாளைக்கு 128ஐயும் நம்புவார்.

பல்லடத்தான்:
நான் 128 பற்றிப் பேசவே இல்லை. 21 என்று எழுதி 20.7 காட்டுகிறது. இதில் பொய் எங்கே இருக்கிறது? கோவைக்காரர்களுக்கு வெளியூர் ஆள் ஒன்று தெரிந்து வைத்திருந்தால் பொறுக்காது.

கணபதி மோட்டார்காரன்:
ஊரை இழுக்காதீர்கள். இழுத்துவிட்டதால் சொல்கிறேன். 1937இல் ஜி.டி. நாயுடு மோட்டார் செய்த ஊர் இது. என் அப்பா வைண்டிங் கற்றது இந்த ஊரில். செல் எத்தனை, ஆர்மேச்சர் எது என்று பிரித்துப் பார்த்துப் பேசுவது எங்கள் பழக்கம்.

பல்லடத்தான்:
அந்த மோட்டாரை வாங்கி இரவும் பகலும் ஓட்டிக் காட்டியது பல்லடமும் சோமனூரும். எரிந்து போனதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்ததால்தான் உங்கள் பட்டறை நடந்தது.

பெருந்துறை அக்கா:
ஈரோட்டுப் பக்கம் தறியும் இல்லை, மோட்டாரும் இல்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டீர்கள் போல. தம்பி, ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் பேட்டரியைக் காரிலோ ஷீட் கொட்டகையிலோ விடாதீர்கள். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு அது சீக்கிரம் கெடும். பல நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள். நான் அப்படி வைத்துத்தான் என் 12 வோல்ட் இன்னும் ஓடுகிறது.

கணபதி மோட்டார்காரன்:
10.8.

பெருந்துறை அக்கா:
12 என்று எழுதியிருக்கிறது.

பல்லடத்தான்:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா.

பெருந்துறை அக்கா:
உங்களுக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. பெண் கை என்று எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கணபதி மோட்டார்காரன்:
பல்லடத்தாரே, கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் பேட்டரியைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். என்னிடம் இருக்கும் 18ஐயும் எடுத்து வைக்கிறேன். இரண்டையும் முழுக்க ஏற்றி, ஒரே சுமை கொடுத்து, எல்லோரும் பார்க்க அளப்போம். சுமையில் எது எவ்வளவு சரிகிறது என்று தெரிந்துவிடும்.

பல்லடத்தான்:
உங்கள் பட்டறை, உங்கள் சுமை, உங்கள் மீட்டர். நான் எதற்கு வர வேண்டும்? என் மீட்டரில் ஏற்கனவே பார்த்தாகிவிட்டது.

கணபதி மோட்டார்காரன்:
உங்கள் மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை எப்போது மாற்றினீர்கள்? அது தீர்ந்துகொண்டிருந்தால் மீட்டர் இருப்பதை விட அதிகமாகக் காட்டும்.

பல்லடத்தான்:
இப்போது என் மீட்டரும் கெட்டதா? உங்கள் மீட்டரில் எப்போது மாற்றினீர்கள், முதலில் அதைச் சொல்லுங்கள்.