தரங்கம்பாடி வீட்டை விற்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மும்பை செம்பூர், மாட்டுங்கா சொந்தங்களுக்கு வணக்கம். தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த எங்க தாத்தா காலத்து ஓட்டு வீட்டை விற்கப் போறோம். பட்டா இன்னும் தாத்தா பேர்லதான். வாரிசு அப்பாவும் ரெண்டு அத்தைகளும். மூணு பேருக்கும் சம்மதம் (அதுவே பெரிய விஷயம்!).

அப்பாவால் அவ்வளவு தூரம் பயணம் பண்ண முடியாது. இங்கேயே சப்-ரிஜிஸ்ட்ரார் முன்னால பவர் (அப்பா சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதி அத்தை மகனுக்குக் கொடுத்தா, அங்கே பத்திரம் பதியும்போது இழுத்தடிப்பாங்களா? பட்டாவை முதல்ல வாரிசுகள் பேருக்கு மாத்தணுமா, இல்ல வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழை வச்சே கிரயம் பண்ணலாமா?

கடலிலிருந்து 500 மீட்டருக்குள்ள கடலோர ஒழுங்குமுறை விதி வேற இருக்கு. "இடிச்சுக் கட்ட விடமாட்டாங்க" என்று சொல்லியே புரோக்கர் விலையை அடிக்கிறார். உப்புக்காத்துல ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடிச்சது உண்மைதான், அதுக்காக அடிமாட்டு விலைக்கா? மயிலாடுதுறை பக்கம் நல்ல வக்கீல் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.