மூணு பாக அறிவியல் நாவல்: ரெண்டாம் பாகத்துல வயசுக் கணக்கு இடிக்குது, உதவுங்க

குளச்சல்காரன்:
மூணு பாகமா ஒரு அறிவியல் புனைகதை எழுதுறேன். முதல் பாகம் முடிஞ்சாச்சு. ரெண்டாம் பாகத்துல விண்வெளிக்குப் போன அப்பா குளச்சலுக்குத் திரும்பி வரும்போது, மகளுக்கு அவரைவிட வயசு கூட இருக்கணும். எப்படிக் கணக்குப் போட்டாலும் வர மாட்டேங்குது. ரெண்டு வாரமா ஒரு வரி எழுதல. யாராச்சும் சொல்லுங்க.

தொட்டிப்பாலம்:
எங்க போயிட்டு வர்றாரு? கப்பலோட வேகம் என்ன? கிளம்பும்போது ரெண்டு பேருக்கும் என்ன வயசு? இதெல்லாம் சொல்லாம என்ன கணக்குப் போட, மக்கா?

முப்பந்தல் காத்து:
வேகத்தை விடுங்க. உறைநிலைத் தூக்கத்துல போடுங்க. அம்பது வருசம் தூங்கி எழும்பட்டும், சோலி முடிஞ்சுது.

தொட்டிப்பாலம்:
அதுக்கு முதல் பாகத்துலயே விதை போட்டிருக்கணுமே.

பழைய வாத்தியார்:
இந்த மாதிரிக் கேள்வி இங்க வாராவாரம் வருது. ஆள், பிறந்த வருசம், கிளம்பின வருசம், திரும்பின வருசம்னு ஒரு நோட்டுல கட்டம் போட்டுட்டுத்தான் தொடர் எழுத உக்காரணும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். தம்பி, வேகமாப் போறவனுக்குக் காலம் மெதுவா ஓடும்னு ஐன்ஸ்டீன் சொன்ன சார்பியலை முதல்ல படியும். பொறவு நாவல் எழுதலாம்.

குளச்சல்காரன்:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். போறது பிராக்சிமா செண்டாரி, சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்க நட்சத்திரம். வேகம் ஒளி வேகத்துல பாதி. அப்பாவுக்கு 28, மகளுக்கு 4. எரிபொருள் மணவாளக்குறிச்சி மணல்ல எடுத்த தோரியம். முதல் பாகத்தை யாருக்கும் குடுக்கல, மாத்தலாம்.

தொட்டிப்பாலம்:
இப்பம் சரி. பிராக்சிமா 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே போய்ச் சேர 4.24 வருசம் ஆகுற தூரம். பாதி வேகத்துல போயிட்டு வந்தா பூமியில 17 வருசம், கப்பல்ல 14.7. அப்பாவுக்கு 43 நெருங்கும், மகளுக்கு 21. மிச்சமாகுறது ரெண்டே கால் வருசம். வேகத்தை மட்டும் கூட்டியும் பிரயோசனமில்ல. ஒளிகூடவே ஓடினாலும் அங்க போய் வர எட்டரை வருசந்தான், மகளுக்கு 13 கூட ஆகாது. தூரமும் வேணும். வேகா நட்சத்திரத்துக்கு அனுப்பும், 25 ஒளியாண்டு. ஒளி வேகத்துல 0.99 பங்குன்னா பூமியில அம்பதரை வருசம், கப்பல்ல ஏழு. அப்பாவுக்கு 35, மகளுக்கு 54. வேகம் பிடிக்கவும் குறைக்கவும் ஆகுற காலத்தை இதுல சேக்கல.

பழைய வாத்தியார்:
தோரியத்தை வச்சு 0.99ஆ? ஒரு அணு பிளந்து அடுத்ததைப் பிளக்குற சங்கிலி வினையைத் தோரியம் தன்னால நடத்தாது. நியூட்ரானை விழுங்கி யுரேனியம் 233 ஆகணும். அது பிளந்தாலும் நிறையில ஆயிரத்துல ஒரு பங்குகூட ஆற்றலா மாறாது. அடிப்படை தெரியாம ஆலோசனை சொல்லாதீங்க.

வள்ளியாறு:
வாத்தியாரே, அந்தக் கறுப்பு மணல்தான் கதைக்கு உயிர். தோரியம் கப்பலுக்குள்ள வெளிச்சத்துக்கும் காத்துக்கும் கரண்டு குடுக்கட்டும். தள்ளுறதுக்கு எதிர்ப்பொருள் வைக்கலாம், அது சாதாரணப் பொருளைத் தொட்டா ரெண்டும் அழிஞ்சு நிறை முழுசும் ஆற்றலாகும். எனக்கு இன்னொரு ஆசை. திரும்பி வர்ற அப்பா மரவள்ளிக்கு மரச்சீனி, பலாவுக்குச் சக்கை, நல்லாருக்குன்னா கொள்ளாம்னு நம்ம கன்னியாகுமரி ஜில்லாப் பேச்சுல பேசட்டும். மகளுக்கு அது பாட்டி வாயில கேட்ட பேச்சு.

முப்பந்தல் காத்து:
சென்னையில இருக்கவனுக்குப் புரியுமா?

வள்ளியாறு:
1956ல நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேரும்போது பேச்சை அடகு வச்சிட்டா வந்தோம்?

முப்பந்தல் காத்து:
எது நம்ம பேச்சு? விளவங்கோட்டுல பேசுறதும் தோவாளையில பேசுறதும் ஒண்ணா? எங்க வீட்டுல யாரும் 'கொள்ளாம்' சொல்றதில்ல.

வள்ளியாறு:
கதை நடக்குறது குளச்சல்ல. கல்குளம் தாலுகா. அதுவும் கடப்புறத்துப் பேச்சு, கடலோரத்துப் பேச்சு, தனி. தோவாளையை ஏன் இழுக்குறீரு?

தொட்டிப்பாலம்:
ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க. தம்பி, வேகா சரிப்பட்டுதா?

குளச்சல்காரன்:
நாலு நாளா வர முடியல. வேகாவுக்கு மாத்திட்டேன் அண்ணே, கணக்கு நிக்குது. வாத்தியார் சொன்ன நோட்டும் போட்டாச்சு. முதல் பாகத்துல ஏழு அத்தியாயம் திருத்தணும். பாட்டி பேச்சு உண்டு. மகள் அவரைப் பாத்ததும் சொல்ற முதல் வரி மட்டும் இன்னும் வரல.