எஞ்சின் மாற்றமா, மாற்றுப்பூட்டா?

மிச்சிகனிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு சொல் வேண்டும்.

வீட்டு கராஜில் 1969ஆம் வருடத்து செவ்ரொலே ஷெவெல் மாலிபு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலமாக மல்லுக்கட்டுகிறேன். அந்தக் கதையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே வண்டி நின்றுவிடுகிறது. "எஞ்சின் மாற்றினேன்" என்று எழுதினால் படிக்கிறவர் எதை நினைத்துக்கொள்வார்? இருந்த எஞ்சினையே இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, ரிங் மாற்றித் திரும்ப ஏற்றினேன் என்று நினைக்கலாம். அதே ரகத்தில் நல்லதாக இன்னொன்று வாங்கி வைத்தேன் என்றும் நினைக்கலாம். நான் செய்வது இரண்டும் இல்லை. முப்பது வருடம் தள்ளிப் பிறந்த, இந்த வண்டியைக் கனவிலும் பார்த்திராத ஒரு எஞ்சினை இதற்குள் உட்கார வைக்கிறேன். இங்கே இதை "ஸ்வாப்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தது 307 கன அங்குல வி8, இரட்டைக் குழல் கார்புரேட்டர், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு பெட்டி. விளம்பரக் கணக்கில் 200 குதிரைத்திறன். சேகரிப்பாளர்கள் தேடும் பெரிய எஞ்சின் ரகமான எஸ்.எஸ். 396 ஆக இருந்திருந்தால் கை வைக்கத் துணிந்திருக்க மாட்டேன். இது சாதாரண மாலிபு, அதனால்தான் தைரியம். புதிதாக வருவது, உடைந்த சில்வராடோ பிக்கப் ஒன்றிலிருந்து காயலான் கடைக்காரர் கழற்றிக் கொடுத்த 5.3 லிட்டர் வி8. எஞ்சினின் உடலான பிளாக் இரும்பு, கார்புரேட்டர் கிடையாது, எல்லாம் கணினி. ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன் வரை வந்த ரகம்; என் கையில் இருப்பது 285.

இடையில் ஒன்று: 200ஐயும் 285ஐயும் கழித்துப் பார்த்து "இவ்வளவுதானா" என்று கேட்காதீர்கள். 1972 மாடலுக்கு முன்பு அமெரிக்காவில் எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, சைலன்சர், காற்று வடிகட்டி போன்ற சுமையெல்லாம் இல்லாமல் அளந்த மொத்தக் கணக்கைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். பிறகுதான் வண்டியில் இருக்கிறபடியே அளக்கும் நிகரக் கணக்கு வந்தது. பழைய 200ஐ இன்றைய தராசில் வைத்தால் நன்றாகவே இளைத்துப் போகும்.

சரி, சொல்லுங்கள். இந்த வேலைக்கு என்ன பெயர்?

சென்னையிலிருந்து:

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? இதய மாற்று, சிறுநீரக மாற்று என்று மருத்துவத்தில் அழகாக வழங்குகிறோம். வேறொரு உடலில் இருந்ததை எடுத்து இந்த உடலில் வைப்பதுதானே உங்கள் வேலையும்? "பொறிமாற்று" என்று வையுங்கள். பொறியியல், பொறியாளர் எல்லாம் நிலைத்துவிட்ட சொற்கள். எஞ்சின் மட்டும் ஏன் எஞ்சினாகவே நிற்க வேண்டும்?

கூடவே, பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்கக் கார்களை மசில் கார் என்கிறார்களே, அதையும் விடாதீர்கள். "தசைக் கார்" என்று ஒரு நாளிதழில் பார்த்து நொந்துபோனேன். கசாப்புக் கடை நினைவு வருகிறது. மல் என்றால் வலிமை, மற்போர். மகிழுந்து போல "மல்லுந்து" எனலாமே.

கோவையிலிருந்து:

ஐயா, மல்லுந்து கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகாமல் நாலு பேர் மல்லுக்கட்டித் தள்ளும் வண்டி என்றுதான் எங்கள் பட்டறையில் புரிந்துகொள்வார்கள்.

பொறி எனக்கு ஒட்டவில்லை. எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி எல்லாம் ஒரே சொல்லில் இருக்கிறது. "பொறி கலங்கிப் போச்சு" என்றால் ஆளுக்குத் தலை சுற்றுகிறது என்று பொருள், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது என்று இல்லை. முப்பத்தைந்து வருடம் லேத்தில் நின்றவன் சொல்கிறேன்: எஞ்சின் எஞ்சினாகவே இருக்கட்டும். அதைத் தமிழாக்க நேரம் செலவழிப்பதைவிட, அதை வைத்து நாம் செய்கிற வேலைக்கு நல்ல வினைச்சொல் தேடுவது மேல்.

அப்புறம், மாற்று என்பதிலும் எனக்கு ஒரு குறை. அம்பாசிடரில் பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் வைத்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழையதை இறக்க அரை நாள். புதியதை உட்கார வைக்கத்தான் வாரக்கணக்கு. பிராக்கெட் வெட்டி, வெல்டு வைத்து, தண்டு நீளம் பார்த்து, பிறகு ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் மாற்ற அலைந்து... மாற்று என்கிற சொல்லில் இந்த உழைப்பு எதுவும் தெரியவில்லை. பல்பு மாற்றுகிற மாதிரி இருக்கிறது.

பழைய வண்டியைப் பழையபடியே சரி செய்கிற வேலைக்கு மட்டும் என்னிடம் ஒரு சொல் இருக்கிறது: திருப்பணி. சிரிக்க வேண்டாம், யோசித்துப் பாருங்கள்.

மிச்சிகனிலிருந்து:

சிரிக்கவில்லை அண்ணா. ஆனால் திருப்பணி என்றதும் எனக்கு மணல்வீச்சுதான் நினைவுக்கு வந்தது. கோயில் சுவரைப் பளிச்சென்று ஆக்குகிறோம் என்று மணலை வீசி அடித்து, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். எஞ்சினிலும் அதே கதை நடக்கிறது. ஷெவெலின் பழைய பிளாக்கில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், கட்டைவிரல் அகலத்தில் ஒரு சமதளம் இருக்கிறது. எஞ்சின் எப்போது, எந்த ரகமாகக் கோக்கப்பட்டது என்ற குறியீடும், வண்டியின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் அங்கேதான் குத்தியிருக்கும். அந்த எண் வண்டி எண்ணோடு பொருந்தினால் சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றுவார்கள். எஞ்சினை நல்லபடியாகக் கட்ட வேண்டும் என்ற ஆசையில் பிளாக்கின் மேல் முகத்தை லேசாகச் சீவினால், அந்த முத்திரையும் சீவலோடு போய்விடும். எஞ்சின் உள்ளே புதுசு, வெளியே அநாதை. அதனால் என் 307ஐ நான் சீவவே இல்லை. எண்ணெய் தடவி, பாலித்தீன் சுற்றி, ஸ்டாண்டில் மாட்டி மூலையில் நிறுத்தியிருக்கிறேன். திருப்பணிக்கு முன்னால் மூலவரைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் திரும்பக் கருவறைக்குப் போவாரா என்பதுதான் தெரியாது.

இப்படி வண்டியோடு பிறந்ததை "பிறவி எஞ்சின்" என்றே எழுதி வருகிறேன். யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என நினைக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து புத்தம் புதிதாகப் பெட்டியில் வருவதற்கு "பெட்டி எஞ்சின்."

மாற்று போதாது என்று சொன்னீர்கள் அல்லவா, போன ஞாயிறு கராஜில் நடந்ததைக் கேளுங்கள். பழைய சிறிய பிளாக் வி8ஐ வண்டியோடு பிடிக்கும் இடத்தில் மூன்று போல்ட். இந்தப் புதிய தலைமுறையில் நான்கு. இடையில் ஒரு தகடு வைத்து இரண்டையும் இணங்க வைக்கிறோம். தகடு மாட்டியாயிற்று. கிரேனில் தொங்கவிட்டு அங்குலம் அங்குலமாக இறக்கினேன். என் மகள் டார்ச்சோடு கீழே படுத்திருந்தாள். "அப்பா, இடிக்கிறது" என்றாள். பிக்கப்புக்குச் செய்த எண்ணெய்த் தொட்டி ஆழமானது. லாரிச் சட்டத்துக்கு அது சரி. ஷெவெலில் முன் சக்கரங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அந்த இடத்தில்தான் ஓடுகிறது. எஞ்சின் தொட்டியால் சட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது, இரண்டு பக்கத் தகடுகளும் இரண்டு விரல்கடை மேலே அந்தரத்தில் நிற்கின்றன. மறுபடி தூக்கு, தொட்டியைக் கழற்று, 1998 முதல் 2002 வரையிலான கமாரோ காருக்கு வந்த ஆழம் குறைந்த தொட்டியைத் தேடு. தொட்டி மாறினால் எண்ணெய் உறிஞ்சும் குழாயும் மாற வேண்டும், அளவுக்கோலும் மாற வேண்டும்.

பெட்ரோல் விஷயம் இன்னும் மோசம். கார்புரேட்டருக்கு ஐந்தாறு பவுண்ட் அழுத்தம் போதும். எஞ்சின் ஓட்டத்திலேயே ஆடும் சின்னப் பம்பு அதைக் கொடுத்துவிடும். புதிய எஞ்சினுக்குச் சதுர அங்குலத்துக்கு 58 பவுண்ட் வேண்டும். டாங்குக்குள் மின்பம்பு வைத்தேன், இரும்புக் குழாய் வளைத்தேன், எல்லாம் செய்தேன். பின்சக்கரத்துக்கு மேலே அரையடி பழைய ரப்பர் குழாயை மட்டும் "இது நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிட்டேன். சாவியைத் திருப்பினதும் பன்னீர் தெளித்தது போல பெட்ரோல். தீயணைப்பான் கையில் இருந்தது, பக்கத்தில் ஹீட்டர் ஓடவில்லை, பிழைத்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

ஆக, இந்த வேலையில் எஞ்சின் என்னவோ ஒரே நாளில் மாறிவிடுகிறது. மற்ற நாளெல்லாம் போவது, ஒன்றோடொன்று சேராததைச் சேர்ப்பதில். சொல் அந்தச் சேர்ப்பைச் சொல்ல வேண்டும். ஒட்டுமாங்கன்று மாதிரி "ஒட்டு" என்று யோசித்தேன். ஒட்டுப் போட்ட வண்டி என்றால் டிங்கரிங் வேலை போல ஆகிவிடுகிறது.

டொராண்டோவிலிருந்து:

தம்பி, நீங்கள் எல்லாரும் சுற்றி வளைத்துத் தேடுகிற சொல் எங்கட வீட்டில் தினமும் புழங்குகிறது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் எதையும் "மாட்டுறது", "பொருத்துறது" இல்லை. பூட்டுறதுதான். ஃபேன் பூட்டுறது, டயர் பூட்டுறது, எஞ்சின் கழட்டிப் பூட்டுறது. மெக்கானிக் "கழட்டிப் பூட்டியாச்சு" என்றால் வேலை முடிந்தது, காசைக் கொடு என்று அர்த்தம்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத நேரம், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓடினோம். கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுறது. உங்கட கணினி எஞ்சின் அதுக்குச் சரிவராது. சொல் மட்டும் எங்களிடம் எடுங்கோ: மாற்றிப் பூட்டுறது, மாற்றுப்பூட்டு.

ரேடியேற்றரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. அந்த ரக எஞ்சினில் ஹெட்டில் இருந்து ஆவி போக ஒரு சின்னக் குழாய் வரும். அதை அடைத்து விட்டுவிடாதேங்கோ, ரேடியேற்றர் பக்கம் கொண்டுபோய் விட வேணும்.

சென்னையிலிருந்து:

பூட்டு என்றால் எங்கள் பக்கம் திண்டுக்கல் பூட்டுதான் கண்ணுக்குத் தெரியும். "எஞ்சின் மாற்றுப்பூட்டு" என்று தலைப்பிட்டால், திருட்டுப் போகாமல் இருக்க ஏதோ கருவி என்று நினைத்து ஆள் வருவார்கள். இதைச் சொல்லி மறுத்து ஒரு மடல் எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

காரணம், சித்திரையில் எங்கள் ஊரில் பொன்னேர் பூட்டுவார்கள். மாட்டை வண்டியில் பூட்டுகிறோம், குதிரையைத் தேரில் பூட்டுகிறோம். இழுக்கிற ஒன்றை இழுபடுகிற ஒன்றோடு சேர்ப்பதற்குத் தமிழில் இருக்கிற சரியான சொல்லே அதுதான். வீட்டுக் கதவுதான் அதைக் கடத்திக்கொண்டு போய்விட்டது. எஞ்சினின் வலிமையை இன்றைக்கும் குதிரைக் கணக்கில்தானே சொல்கிறோம்? 200 குதிரையை அவிழ்த்துவிட்டு 285 குதிரையைப் பூட்டுகிறார் தம்பி. பொறிமாற்றை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஒரு திருத்தம். இருந்த எஞ்சினையே கழற்றிச் சீர் செய்து ஏற்றுவதை "மறுபூட்டு" என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும். முதல் மடலில் தம்பி கேட்ட வேறுபாடும் ஓரெழுத்து விளக்கமில்லாமல் தெரிந்துவிடும். மல்லுந்தை மட்டும் விட்டுத் தர மாட்டேன்.

கோவையிலிருந்து:

மாற்றுப்பூட்டு சரி. இன்று பட்டறையில் பையனிடம் ஒன்றும் விளக்காமல் "இந்த ஜீப்புக்கு மாற்றுப்பூட்டு" என்று சொல்லிப் பார்த்தேன். "எந்த வண்டி எஞ்சினுங்க?" என்று கேட்டான். சாவி எங்கே என்று கேட்கவில்லை.

மிச்சிகனிலிருந்து:

அந்தப் பையன் சொன்னதற்கு மேல் எனக்கு வேறு சான்று வேண்டாம். கட்டுரையில் மாற்றுப்பூட்டு, மறுபூட்டு, பிறவி எஞ்சின் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். டொராண்டோ அண்ணாவுக்கு: ஆவிக் குழாயை நான் உண்மையிலேயே அடைத்துத்தான் வைத்திருந்தேன். நேற்றிரவு திறந்து ரேடியேட்டருக்கு இழுத்துவிட்டேன்.

மல்லுந்துக்கு மட்டும் ஐயா மன்னிக்க வேண்டும். மசில் கார் என்பது வெறும் வலிமையான கார் இல்லை. 1964இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவான பான்டியாக் ஆட்கள் நடுத்தர அளவு டெம்பெஸ்ட் காருக்குள் பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றார்கள். நடுத்தரக் காரில் 330க்கு மேல் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த விதி. அதைப் புது மாடலாகக் காட்டினால் மேலிடம் தடுக்கும் என்று, கூடுதல் காசுக்கு விருப்பத் தேர்வாக நுழைத்துவிட்டார்கள். அப்போது அங்கே தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியன். அதாவது சின்ன வண்டியில் பெரிய குதிரையைத் திருட்டுத்தனமாகப் பூட்டியது. அந்தக் குறும்பு "மல்" என்பதில் வரவில்லை. அது வருகிற சொல் கிடைக்கும் வரை மசில் கார்.

அடுத்த சிக்கல் வேகமானி. பழையது கியர்பெட்டியிலிருந்து சுழலும் கம்பியால் ஓடுவது. பவர்கிளைடுக்குப் பதில் புதிய எஞ்சினோடு வைத்த கியர்பெட்டியில் கம்பி மாட்ட இடமே இல்லை, மின் உணரிதான். முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்க, நேற்று தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தேன்.